தொண்ணூற்றிரண்டு விழுக்காடு

மார்ச் 3

இன்று பேராசிரியர் தாணுமாலயன் என்னை அடிக்கவில்லை. மேசையிலிருந்த, கரைசல் கலக்கும் காந்தக் கருவியைத் தூக்கி எறிந்தார். அது எனக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் பட்டது. அவர் நிதானமாக இருந்த நாள்களின் பட்டியலில் இன்றைய தினத்தையும் சேர்க்கலாம்.

இந்த டைரியைப் பல்கலைக்கழகம் இலவசமாகக் கொடுத்தது. 'ஆய்வு மாணவர் மனநல வாரம்' கொண்டாடுகிறார்கள். முதல் பக்கத்தில் வேந்தரின் படம், இரண்டாம் பக்கத்தில் அவருடைய துணைவியாரின் படம், மூன்றாம் பக்கத்தில் 'உங்கள் கோபத்தைத் தாளில் இறக்கி வையுங்கள்' என்ற அறிவுரை. எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் தாள் நல்ல தாள், மை ஊறவில்லை.

பெயர் ஆறுமுகநயினார். வயது முப்பத்து மூன்று. திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் சாலையில் இந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் முனைவர் பட்டத்துக்காக ஆறாவது ஆண்டாக இருக்கிறேன். ஜூன் 30-க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு காலாவதி. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. அதன்பின் நான் ஆறு வருடம் எலிகளோடு குடியிருந்த ஒரு தனிநபர், அவ்வளவுதான்.

ஆய்வு இதுதான். சட்டைத் துணியில் இருக்கும் பாலியெஸ்டர் மண்ணில் புதைத்தாலும் பல தலைமுறைக்கு மக்காது. அதற்கு நல்லொழுக்கமுள்ள ஓர் உறவினர் உண்டு. உடம்புக்குள் போனால் மெல்லக் கரைந்து, கடைசியில் தண்ணீராகவும் நாம் வெளிவிடும் மூச்சாகவும் போய்விடும். அதைக் கொண்டு தலைமுடியின் தடிமனில் நானூறில் ஒரு பங்கு அளவில் உருண்டைகள் செய்கிறோம். உள்ளே டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை அடைக்கிறோம். மருந்து ரத்தச் சிவப்பு. உருண்டை கரையக் கரைய, முப்பது நாளுக்கு மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஒரு மாத மருந்தை ஒரே ஊசியில் போட்டுக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போய்விடலாம். மெதுவாக வந்தால் அது மருந்து. ஒரேயடியாக வந்தால் விஷம்.

மார்ச் 9

இந்த உருண்டைத் துகள்களைச் செய்தபின் தண்ணீரில் கழுவ வேண்டும். உள்ளே போகாமல் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் மருந்து கழுவினால் வந்துவிடும். முதல் தண்ணீர் ரத்தம்போல வந்தது. இரண்டாவது ரோஸ் பாலின் நிறத்தில். மூன்றாவதுதான் தெளிந்தது. பிறகு அளந்தேன். போட்ட மருந்தில் அறுபத்தொரு விழுக்காடு உள்ளே இருந்தது. உலகத்தில் யார் செய்தாலும் ஏறக்குறைய இதுதான் வரும்.

பேராசிரியர் தாளைப் பார்த்தார்.

"எத்தன தடவ கழுவுன?"

"மூணு தடவ சார்."

அறை விழுந்தது. இடது கன்னம். அவர் இடது கன்னத்தைத்தான் விரும்புவார். வலது கையில் கைக்கடிகாரம் கட்டாத காரணம் அதுவாக இருக்கலாம்.

"சவத்த மூதி! என்னல, துணியா தொவைக்க? மூணு தடவ கழுவுனா நம்பர் எப்படில நிக்கும்? ஒரு தடவ கழுவு. போதும்."

"மேல ஒட்டியிருக்கது அப்படியே இருக்கும் சார். ஊசி போட்டதும் மொத்தமா எறங்கிரும்."

"மேல இருந்தா என்ன, உள்ள இருந்தா என்ன? துகளோடதான இருக்கு? அளந்தா வருதுல்லா?"

மத்தியானம் ஒரு முறை மட்டும் கழுவினேன். தொண்ணூற்றிரண்டு வந்தது.

மார்ச் 10

பேராசிரியர் எல்லாருக்கும் அல்வா வாங்கித் தந்தார். என் தோளில் தட்டினார். தட்டிய இடம் இன்னும் வலிக்கிறது. மகிழ்ச்சியிலும் அவருக்குக் கை ஒன்றுதான்.

மார்ச் 24

இருபத்துநான்கு எலிகள். எட்டுக்கு உப்புத் தண்ணீர். எட்டுக்கு வெறும் மருந்து, வாரம் ஒரு முறை, சிறிய அளவில். எட்டுக்கு எங்கள் துகள், ஒரு மாத அளவு, ஒரே ஊசி. வாலில் நரம்பு பார்த்துப் போட வேண்டும்.

எலிக்கூடத்தை இசக்கிமுத்து அண்ணன் பார்த்துக்கொள்கிறார். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறார். கொல்ல வேண்டிய எலியை ஒரு கையால் தடவிக்கொண்டே மறு கையால் கழுத்தை இழுத்து முடித்துவிடுவார். எலிக்குத் தெரியாது. எனக்கே சில நேரம் தெரியாது.

குறிப்பெடுத்தவள் ஜெபக்கனி. மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி, தூத்துக்குடிப் பெண், அச்சுப் போன்ற கையெழுத்து. அதனாலேயே எலிக்கூடப் பதிவேடு அவள் பொறுப்பில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்ட, தைத்துக் கட்டிய பதிவேடு. எந்த எலி என்று வந்தது, என்று செத்தது, ஏன் செத்தது என்று அதில் எழுத வேண்டும் என்பது சட்டம். நாங்கள் செய்த துகளைத்தான் அவள் அடுத்து முயல்களுக்குப் போடப்போகிறாள். அதற்கடுத்து மனிதர்கள். ஒரு மருத்துவமனையோடு பேராசிரியர் பேசி முடித்துவிட்டார்.

பதினெட்டாம் எண் எலி என் கட்டைவிரலைக் கடித்தது. எலும்புவரை. எலி மேசையில் விழுந்து இறந்தது. வேறு எலி எடுத்துக்கொண்டோம்.

இசக்கிமுத்து அண்ணன் கேட்டார்: "விழுந்துச்சா தம்பி?"

"ஆமாண்ணே."

"ரெண்டு தடவயா விழுந்துச்சு?"

மார்ச் 27

இரண்டு.

மார்ச் 28

மேலும் மூன்று செத்தன. மூன்றும் எங்கள் துகள் போட்டவை. மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் ரத்தம் உறைந்திருந்தது. தீனியைத் தொடவே இல்லை.

மார்ச் 30

மூன்று. ஆக எட்டு. உப்புத் தண்ணீர் எலிகள் எட்டும் கொழுத்துக்கொண்டிருக்கின்றன. வெறும் மருந்து போட்ட எலிகளும் உயிரோடு இருக்கின்றன. எங்கள் துகளின் பாதுகாப்பில் இருந்தவை மட்டும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அறுத்துப் பார்த்தோம். இதயம் வெளிறி, வேகவைத்த மொச்சைபோல இருந்தது. குடல் தொட்ட இடத்தில் கிழிந்தது. ஜெபக்கனி ஒவ்வொன்றையும் எழுதினாள். எண், தேதி, நேரம், 'மருந்து மொத்தமாக வெளியானதால்' என்று காரணம். நான் கத்திரிக்கோலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"மனுஷனுக்குப் போட்டா என்னண்ணே ஆகும்?" என்றாள்.

"மனுஷன் பெரிய உருப்படி" என்றேன்.

ஏப்ரல் 2

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எட்டு எலி செத்துச்சா? வேற எட்டு எலிய எடுத்து உள்ள வையி. வால்ல நம்பர் போடு. எலிக்கு என்ன ஆதார் கார்டா இருக்கு?"

அப்படியே செய்தோம். இசக்கிமுத்து அண்ணன் புது எலிகளைக் கூண்டில் விட்டுக்கொண்டே சொன்னார்: "எங்க ஊரு கோயில் கொடையிலகூட செத்த கெடா திரும்ப வந்ததில்ல தம்பி. ஒங்க சாருக்குத்தான் அருள் ஜாஸ்தி."

ஏப்ரல் 21

பதிவேடு மட்டும் இடைஞ்சலாக இருக்கிறது. எண் போட்ட பக்கம் என்பதால் கிழித்தால் தெரியும். புதுப் பதிவேடு வாங்கி முதலிலிருந்து திருத்தமாக எழுதித் தரும்படி பேராசிரியர் ஜெபக்கனியிடம் கேட்டார். 'கேட்டார்' என்று எழுதியிருக்கிறேன். எங்கள் இருவரையும் உள்ளே வைத்து அறைக்கதவைத் தாழிட்டு, மேசையைக் காலால் உதைத்து, பிறகு கேட்டார்.

"முடியாது சார்" என்றாள்.

"என்னது?"

"அடுத்து இதத்தான முயலுக்குப் போடணும் நான்? அதுக்கடுத்து ஆஸ்பத்திரில? எட்டுல எட்டு செத்திருக்கு சார்."

"ஏட்டி, ஒனக்கு நான் கைடா, எலி கைடா?"

"எலி செத்துப்போச்சு சார். ஒங்ககிட்டத்தான் கேக்கேன்."

ஐந்நூறு மில்லி கண்ணாடிக் குடுவை பறந்தது. அது அவள் முகத்துக்குப் போனது. வந்து பட்டது என் புருவத்தில். கண்ணாடி உடைந்து, ரத்தம் கண்ணை மூடி, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பேராசிரியர் குடுவை உடைந்ததற்குத் தனியாக வைதார்.

ஏழு தையல். பணியிலிருந்த டாக்டர் சின்னப் பையனைப்போல இருந்தார்.

"பிரிக்க வர வேண்டாம். தானா கரையுற நூல். ரெண்டு மூணு வாரத்துல போயிரும்."

"எந்த பாலியெஸ்டர் டாக்டர்?"

அவர் என் கண்மணியில் வெளிச்சம் அடித்து இன்னொரு முறை சோதித்தார்.

நான் குறுக்கே பாய்ந்து தன்னைக் காப்பாற்றியதாக ஜெபக்கனி நினைக்கிறாள். ஆட்டோவில் வரும்போது அழுதாள். "ஒங்கள எவ்வளவு தப்பா நெனச்சிருந்தேன்ண்ணே" என்றாள். உண்மையில் நான் விலகத்தான் பார்த்தேன். திசை தவறிவிட்டது. திருத்திச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், தையல் இழுத்தது.

மே 4

பதிவேடு காணவில்லை. எலிக்கூடத்தில் இல்லை, ஆய்வகத்தில் இல்லை. பேராசிரியர் ஜெபக்கனியின் மேசை அறைகளை உருவித் தரையில் கொட்டினார். அவளுடைய டிபன் பாக்ஸை மிதித்து நசுக்கினார். அதற்குள் பதிவேடு இருக்க வாய்ப்பில்லை. இருந்தும் நசுக்கினார். ஆய்வு என்றால் எல்லா வாய்ப்புகளையும் பார்க்க வேண்டும்.

மே 6

ஜெபக்கனி என்னிடம் மட்டும் சொன்னாள். பதிவேடு, மருந்துகளை வைக்கும் குளிர் அறையில், கடைசி அலமாரியில், பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் நெறிக் குழு அடுத்த மாதம் வரும்போது நேராக அவர்கள் கையில் கொடுக்கப்போகிறாளாம்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க எடுத்துக் குடுத்துருங்கண்ணே."

"சரி" என்றேன்.

தையல் நூல் கரைந்துகொண்டிருக்கிறது. இந்த வருடம் எங்கள் துறையில் சொன்னபடி நடந்துகொண்ட ஒரே பாலியெஸ்டர் என் புருவத்தில்தான் இருக்கிறது.

மே 15

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, கட்டி, பேராசிரியரின் மேசையில் வைத்தேன். வழிகாட்டி கையெழுத்திட்டால்தான் பல்கலைக்கழகம் வாங்கும்.

அவர் பேனாவைத் திறந்து, மூடி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ரெஜிஸ்டர் எங்கல?"

"தெரியாது சார்."

"அவ ஒன்கிட்டதான் சிரிச்சுப் பேசுதா. ரெஜிஸ்டர் வந்தா கையெழுத்து வரும். வரலைன்னா ஜூன் முப்பது வரும். ஒனக்கு எது மொதல்ல வேணும்னு நீயே பாத்துக்கோ."

என் தலையில் ஆய்வேட்டால் ஒரு முறை தட்டினார். இருநூற்றுப் பத்துப் பக்கம், கெட்டி அட்டை. கழுத்து சுளுக்கிக்கொண்டது.

மே 16

குளிர் அறையில் இன்று ஒரு விபத்து. பகல் மூன்றரை மணி. ஜெபக்கனி பதிவேட்டை இடம் மாற்ற உள்ளே போயிருந்தாள். நான் போனபோது பதிவேடு அவள் கையில் இருந்தது. அதைக் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். கதவுவரை இழுபறி. நான் வெளியே, அவள் உள்ளே. பதிவேட்டின் ஒரு முனை என்னிடம், மறுமுனையைப் பிடித்த அவள் வலது கை கதவு விளிம்பில். குளிர் அறைக் கதவு இரும்பு, நாலு விரல் தடிமன். காற்றில் கதவு மூடிக்கொண்டது. அவள் விடவில்லை. மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி மூடிக்கொண்டபோது விட்டாள்.

மூன்று விரல்கள். நடுவிரலில் எலும்பு வெளியே தெரிந்தது.

ஆட்டோ பிடித்து மருத்துவமனையில் சேர்த்தது நான்தான். இதையும் பதிவு செய்கிறேன்.

மே 17

பதிவேட்டை எரிக்க எலிக்கூடத்துக்குப் போனேன். செத்த எலிகளை எரிக்கும் உலை அங்கேதான். இசக்கிமுத்து அண்ணன் உலையைக் கிளறிக்கொண்டிருந்தார். அட்டையைப் பார்த்தார். அதில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ள கை எப்படித் தம்பி நசுங்குச்சு?"

"காத்துல கதவு அடிச்சிருச்சுண்ணே."

"குளிர் ரூமுக்குள்ள ஏது தம்பி காத்து?"

பதில் சொல்வதற்குள் உலைக் கோலால் அடித்தார். முதல் அடி தோளில். இரண்டாவது முழங்காலில். விழுந்தேன். விலாவில் உதைத்தார். ஆள் ஐம்பத்தைந்து வயது, காற்றடித்தால் சாய்கிற உடம்பு. எலிகளிடம் காட்டும் மென்மையை என்னிடம் காட்டவில்லை. வாயில் ரத்தம் வந்ததும் நிறுத்தி, தண்ணீர் கொடுத்தார்.

"எரிச்சுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

எரித்தேன். தடித்த அட்டை, நெடுநேரம் புகைந்தது.

மே 18

பேராசிரியர் கையெழுத்திட்டார். நல்ல பேனா.

ஜூன் 12

ஜெபக்கனி புகார் கொடுத்திருந்தாள். விசாரணைக் குழுவில் மூன்று பேர். மூவரும் பேராசிரியரோடு காலையில் நடைபயிற்சி போகிறவர்கள். நான்தான் சாட்சி. கதவில் பழுது இருப்பதாகவும், காற்றோட்டம் காரணமாக அது அடிக்கடி தானே மூடிக்கொள்வதாகவும் எழுதிக் கையெழுத்திட்டேன். 'கதவுகளைக் கையாள்வதில் கவனம்' என்று துறை முழுக்கச் சுற்றறிக்கை போனது. நெறிக் குழு வந்தது. எட்டு எலிகளும் ஆரோக்கியமாக இருந்தன. டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஜெபக்கனி படிப்பை விட்டுவிட்டாள். அலமாரியைக் காலி செய்ய வந்தவள் என்னைத் தாண்டித்தான் போனாள். கையில் கட்டு. இடது கையால் பெட்டியைச் சுமந்தாள். தூக்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

"தொட்டீங்கன்னா கண்ண நோண்டிருவேன்" என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள்.

ஜூன் 29

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் மீதி.

அக்டோபர் 8

வெளிநாட்டுத் தேர்வாளர் அறிக்கை வந்துவிட்டது. தொண்ணூற்றிரண்டு விழுக்காடு வியப்புக்குரியது என்று எழுதியிருக்கிறார். உண்மைதான்.

டிசம்பர் 12 அன்று பொது வாய்மொழித் தேர்வு. மருத்துவமனையில் ஜனவரியில் முதல் நோயாளிக்கு ஊசி. முயல்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பேராசிரியர் இரண்டையும் ஒரே அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டார்.

டிசம்பர் 11

பொது வாய்மொழித் தேர்வில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. யாரும் கேட்கமாட்டார்கள் என்பது வழக்கம். யாருமே கேட்காவிட்டால் நன்றாக இருக்காது என்பதால், கேள்விகளை நாமே துண்டுத் தாளில் எழுதி நண்பர்களிடம் கொடுத்து வைப்பதும் வழக்கம். ஆறு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். ஒருவன் தன் கேள்வி கடினமாக இருக்கிறது என்று மாற்றிக்கொண்டான். மதியச் சாப்பாட்டுக்கு நூற்று இருபது இலை சொல்லியிருக்கிறது.

அரங்கின் முன்னால் ஒரு மேசை போடுவோம். நாம் செய்த துகள் ஒரு சின்னக் குப்பியில், பக்கத்தில் ஊசிக்குழல், கலக்க உப்புத் தண்ணீர், எலியின் படம், பூங்கொத்து. கோயிலில் நைவேத்தியம் வைப்பதுபோலத்தான்.

டிசம்பர் 19

சிறைக்குள் டைரி வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. எனவே நினைவிலிருந்து எழுதுகிறேன்.

வாய்மொழித் தேர்வை நடத்த வந்த உள்நாட்டுத் தேர்வாளர் ஹைதராபாத்காரர். தமிழ் தெரியாது. முன்வரிசையில் அவர், பக்கத்தில் பேராசிரியர் தாணுமாலயன் பட்டு வேட்டியில். நாற்பது நிமிடம் பேசினேன். ஒரு மாத மருந்தை ஒரே ஊசியில் போட்டாலும் ஆபத்தில்லை, எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எட்டில் எட்டு எலிகள் உயிரோடு இருக்கின்றன என்று சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள். துண்டுத்தாள் கேள்விகள் ஆறும் வரிசையாக வந்தன. ஆறுக்கும் சிறப்பாகப் பதில் சொன்னேன். 'வேறு கேள்விகள்?' என்று தேர்வாளர் வழக்கப்படி கேட்டார். எல்லாரும் இலையை நினைத்து எழுந்தார்கள்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வலது கை. நடுவிரலும் பக்கத்து இரண்டும் கொக்கிபோல வளைந்து, நிமிராமல் நின்றன.

"ஒரு மாச மருந்த ஒரே ஊசியில போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க" என்றாள் ஜெபக்கனி. "ஜனவரில ஆஸ்பத்திரில யாருக்கோ போடப்போறீங்க. அதுக்கு முன்னால ஒங்க கையில போட்டுக்கிடுவீங்களா?"

சிரிப்பு. தேர்வாளர் என்ன கேட்டாள் என்று விசாரித்தார். அவளே ஆங்கிலத்தில் சொன்னாள். அவரும் சிரித்தார். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்தி, என் பதிலுக்குக் காத்திருந்தார்.

நான் வாயைத் திறக்குமுன் பேராசிரியர் எழுந்துவிட்டார்.

"போட்டுக்கிடுவாம்மா, ஏன் போடமாட்டான்? என் மாணவன்!" என்று அரங்கத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு மேடையேறி, சிரித்த முகத்தோடு என் பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு: "போடுல. ஒரு துளிதாம்ல. செத்தா போயிருவ?"

"எலி செத்துச்சே சார்."

"நீ எலி இல்லல்லா? நடிச்சித் தொலை. இல்லைன்னா இன்னையோட நீ முடிஞ்ச."

குப்பியில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். ரத்தம்போல ஆயிற்று. ஊசிக்குழலில் முழுதாக ஏற்றினேன். இடது சட்டைக் கையை மடித்தேன். நரம்பு நன்றாகத் தெரிந்தது. ஆறு வருடமாக எலி வாலில் நரம்பு தேடிய கண்ணுக்கு மனிதக் கை ராஜபாட்டை. பேராசிரியர் கைதட்டி உற்சாகப்படுத்தினார். அந்தக் கைதட்டல்தான் என்று நினைக்கிறேன். வேறு குறிப்பான காரணம் இல்லை.

எனக்குக் கோபம் வருவதில்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன். பட்டு வேட்டியின் மேலேயே, அவருடைய வலது தொடையில் ஊசி இறங்கியது. அவர் விழுந்தார், நான் அவர்மேல் விழுந்தேன். பூங்கொத்தும் எலியின் படமும் எங்கள் மேல் விழுந்தன. அவர் என் மூக்கில் குத்தினார். எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. என் இடது முழங்கை அவர் தொண்டையில் இருந்தது. கட்டைவிரல் ஊசிக்குழலின் தண்டில் இருந்தது.

"அமுக்காதல! ஏல நயினார், அமுக்காதல!"

"எல்லாம் உள்ளதான சார் இருக்கு? தொண்ணூத்திரெண்டு?"

"வெளிய இருக்குல! எல்லாம் வெளியதாம்ல இருக்கு!"

"எத்தன தடவ சார் கழுவுனோம்?"

"ஒரு தடவதாம்ல! ஐயோ, யாராவது புடிங்கப்பா, எட்டு எலியக் கொன்ன மருந்துப்பா இது!"

வரவேற்புரைக்கு மாட்டிய ஒலிவாங்கி இன்னும் அவர் சட்டையில் இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது.

தேர்வாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்திருந்தார். "என்ன சொல்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஜெபக்கனி நடந்து முன்வரிசைக்கு வந்து, வரி வரியாக மொழிபெயர்த்தாள். ஒரு முறைதான் கழுவினார்கள். மருந்து வெளியில்தான் இருக்கிறது. எட்டு எலிகளும் செத்துவிட்டன. இலக்கண சுத்தமான ஆங்கிலம். தேர்வாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நாலு பேர் என்னை இழுத்தார்கள். அதில் ஒருவன் என் ஆறாவது கேள்வியைக் கேட்டவன். அவன்தான் அதிகம் உதைத்தான். நான் கட்டைவிரலை முன்பே எடுத்துவிட்டதாகத்தான் நினைவு. ஊசிக்குழல் காலியாக இருந்ததாகப் போலீஸ் சொல்கிறது. பேராசிரியரின் தொடையில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை கறுத்து அழுகிவிட்டதாம், வெட்டி எடுத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வார்.

தேர்வாளரின் அறிக்கை தபாலில் வந்திருக்கிறது. ஆய்வேடு நிராகரிக்கப்படுகிறது, மருத்துவமனைத் திட்டத்தை உடனே நிறுத்தும்படி பரிந்துரைக்கப்படுகிறது, செய்முறை விளக்கம் தெளிவாக இருந்தது.

எழுத வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று மாலையே காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதினார்கள். மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, இன்ஸ்பெக்டர் எழுதினார். பெண் அதிகாரி, பெயர் உலகம்மாள். ஊசி விவகாரம் முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்று தாளைத் திருப்பினார்.

ஜெபக்கனி சாட்சி சொல்ல வந்து, எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த காணாமல் போனவர்கள் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மே மாசம் பதினாறாம் தேதி" என்றேன். "குளிர் அறைக் கதவ மூடுனது நாந்தான்."

"அத யாரும் கேக்கலியே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுதிக்கோங்க மேடம். காத்து இல்ல. மூணு தடவயும் நாந்தான்."

அவர் ஜெபக்கனியின் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூணு தடவயா? மொதத் தடவ அடிச்சதுமே கை உள்ள இருக்குன்னு தெரிஞ்சிருக்குமேய்யா?"

ஜெபக்கனி பட்டியலைப் படிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அடிக்கதுக்கு முன்னாலயே தெரியும்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போட இடத்தைக் காட்டினார்.